அச்சப்பட வேண்டாம்

எங்கள் குடியிருப்பில் பாதிப் பேருக்கு அவருடைய பெயர் தெரியாது. இஸ்திரி வண்டிக்காரர் வைத்த பெயர்தான் நிலைத்துவிட்டது: உல்டா சார்.

“சாய்ந்திரம் கரெக்டா துணி ரெடி ஆயிடும் சார், நீ கவலயே படாத” என்று வண்டிக்காரர் ஒருநாள் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். “அப்ப குடுங்க, நானே தேய்ச்சுக்கறேன்” என்று மூட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு இவர் மாடியேறிவிட்டார். “இன்னாம்மா இது, எது சொன்னாலும் உல்டாவா எடுத்துக்கினு போறாரு! பேஜாரு புடிச்ச மனுசன்” என்று வண்டிக்காரர் என்னிடம் வந்து புலம்பினார். அன்று சாயங்காலம் கரி தீர்ந்துபோய் யாருடைய துணியும் தேய்க்கப்படவில்லை என்பது வேறு விஷயம்.

சிட்லபாக்கத்தில் ஏரிக்கு ஒரு தெரு தள்ளி, எட்டு வீடுகள் கொண்ட குடியிருப்பு எங்களுடையது. எங்களுக்கு நேர் மேல்வீட்டில் அவர் தனியாக இருந்தார். மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம். பையன் ஓசூரில். இப்போது அவரும் ஓசூருக்கே போய்விட்டார். அந்த வீட்டில் சிறுசேரிக்கு வேலைக்குப் போகிற நான்கு பையன்கள் இருக்கிறார்கள். நல்ல பையன்கள்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் தண்ணீர் எப்போது நிற்கும் என்று அவர்களுக்கும் தெரிவதில்லை, எனக்கும் தெரிவதில்லை.

இவர் இருந்தபோது அந்தக் கவலையே இல்லை. எங்கள் சங்கத்துச் செக்ரட்டரிக்கு வாட்ஸ்அப்பில் அறிக்கை விடுவதென்றால் அல்வா சாப்பிடுகிற மாதிரி. “நாளை மோட்டார் பராமரிப்புப் பணி நடைபெறும். தண்ணீர் விநியோகத்தில் எந்தத் தடையும் இருக்காது” என்று போடுவார். அது வந்த கையோடு மேல்வீட்டில் டங்கு டங்கென்று பக்கெட் வைக்கிற சத்தம் கேட்கும். அதைக் கேட்டு நான் குடம், குக்கர், இட்லிப் பானை என்று கைக்குக் கிடைத்ததிலெல்லாம் பிடித்து வைப்பேன். என்னைப் பார்த்து எதிர்வீட்டுக்காரி. மறுநாள் குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும்.

“உங்களுக்கு மட்டும் எப்படி சார் தெரியுது?” என்று கேட்டேன்.

“எனக்கு மோட்டாரைப் பத்தி ஒண்ணும் தெரியாதும்மா. யாருமே கேக்காதப்போ ஒருத்தர் தானா வந்து ‘தடை இருக்காது’ன்னு சொல்றாரே, எதுக்கு? அதைத்தான் யோசிச்சேன்.”

ஒரு ஐப்பசி மழையில் செக்ரட்டரி இன்னொரு அறிக்கை விட்டார். “ஏரி நிரம்பி வழிகிறது என்பது வதந்தி. யாரும் அச்சப்பட வேண்டாம்.” உல்டா சார் உடனே தன் பழைய ஸ்கூட்டரைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் நிறுத்திவிட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தே திரும்பி வந்தார். என் வீட்டுக்காரர் பால்கனியிலிருந்து, “என்ன சார், ஸ்கூட்டர் வாக்கிங் போயிருக்கா?” என்று கிண்டல் செய்தார். விடிந்து பார்த்தால் எங்கள் பைக்கின் ஹேண்டில்பார் மட்டும் தண்ணீருக்கு வெளியே தெரிந்தது. செக்ரட்டரியின் காருக்குள் மீன்குஞ்சு ஓடியதாக ஒரு பேச்சு. நான் பார்க்கவில்லை, ஆனால் எல்லோரிடமும் சொன்னேன்.

அன்றைக்குத்தான் அவர் வாயிலிருந்து அது வந்தது. “ஏரி நிரம்புச்சா இல்லையான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? ‘வதந்தி’ன்னு எழுதினார் பாருங்க, அதான். நான் உள்ள இருந்தப்பவே அந்த வார்த்தை எனக்கு நல்லாப் பழக்கம்.”

உள்ளே என்றால் எங்கள் பக்கம் ஒரே அர்த்தம்தான். திருட்டா, வெட்டுக்குத்தா என்று என் புத்தி ஓடியது. என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

“எமர்ஜென்சிம்மா. காலேஜ் படிக்கிறப்போ சுவத்துல நோட்டீஸ் ஒட்டினேன். ‘இது நாட்டுக்கு நல்லதில்லை’ன்னு ஒரே ஒரு வரி. அதையும் நான் எழுதலை, பசை மட்டும்தான் தடவினேன். பசைக்கே ஒரு வருஷம் உள்ள வெச்சிட்டாங்க.”

ஜெயிலில் பேப்பர் வருமாம். தணிக்கை செய்த பேப்பர். ஏதாவது ஒரு ஊரில் அமைதி நிலவுகிறது என்று போட்டிருந்தால், அந்த ஊரில் அடிதடி நடந்திருக்கிறது என்று இவர்கள் புரிந்துகொள்வார்களாம். “ஒண்ணுமே நடக்காத ஊரைப் பத்தி எவன் மெனக்கெட்டு எழுதுவான்?” என்றார். அப்படிப் படித்துப் படித்தே உல்டா ஆனவர். வெளியே வந்து எத்தனையோ வருஷமாகியும் அது அவரை விடவில்லை.

அவருடைய இடது கையில் கடைசி இரண்டு விரல்கள் மடங்காது. குடிவந்த புதிதிலேயே கேட்டேன். கேட்காமல் என்னால் இருக்க முடியாது, அது என் பிறவிக் குணம். “ஷேர் ஆட்டோ கதவுல மாட்டிக்கிச்சும்மா” என்றார். “அடப்பாவமே” என்று உச்சுக்கொட்டி, குடியிருப்பு முழுக்க அதைப் பரப்பினேன். சில வருஷம் கழித்துப் பம்மலிலிருந்து தாம்பரத்துக்கு ஷேர் ஆட்டோவில் பாதி உடம்பு வெளியே தொங்க வந்துகொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இந்தச் சனியனுக்கு ஏது கதவு! நேராக மேல்வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன். “என்னை நல்லாக் கேனச்சி ஆக்கிட்டீங்களே சார்!” அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நிஜக் காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

எனக்கு அவர்மேல் இன்னொரு கோபமும் இருந்தது. நான் வைக்கிற சேமியா பாயசத்துக்கு எங்கள் சொந்தக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். இவர் மட்டும் தொட மாட்டார். சுகர் என்று நினைத்து விட்டுவிடலாம் என்றால், மைசூர்பாகையும் ஜிலேபியையும் அந்தப் போடு போடுவார். என் பெண் நித்யாவுக்கு வெளிநாட்டில் டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்த அன்று கொண்டுபோனேன். அன்றைக்கும், “பாயசம் மட்டும் வேணாம்மா” என்று கும்பிட்டார். கடைக்குப் போய் அவர் காசில் மைசூர்பாகு வாங்கி வந்து எங்கள் வாயில் போட்டார். என் பாயசம் அப்படி என்ன பாவம் செய்தது!

நித்யா படித்த நாட்டின் பெயரை எழுத மாட்டேன். அவளுடைய சிநேகிதிகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். எழுதினாலும் பேசினாலும் ஆளைத் தூக்கிவிடுகிற நாடு. ஒரே ஆள் பல வருஷமாக ஆண்டுகொண்டிருக்கிறார், தெருவுக்குத் தெரு அவர் படம்தான். “படிப்புதானே, அரசியல் நமக்கு எதுக்கு” என்று அனுப்பிவிட்டோம். அவள் நான்காவது வருஷம் படிக்கும்போது பக்கத்து நாட்டோடு சண்டை மூண்டது.

உல்டா சார் வீட்டில் டிவி கிடையாது. முதல் நாள் மத்தியானமே எங்கள் ஹாலுக்கு வந்து உட்கார்ந்தார். டிவியில் அந்த ஊரின் வரைபடத்தைக் காட்டி, எங்கெங்கே குண்டு விழுந்தது என்று சிவப்புப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நித்யாவின் காலேஜைத் தேடினோம். இவர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், “இதுல ஜெயில் எங்க இருக்கு?” என்று கேட்டார்.

என் வீட்டுக்காரருக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது. பெண் கவலை அவருக்கு. “ஜெயிலைப் பத்தி இப்ப என்ன சார்? ரெண்டு குண்டு அந்த ஆள் தலையில விழட்டும், எல்லாம் சரியாப் போயிடும். உங்களை மாதிரி உள்ள இருக்கிறவங்களும் வெளிய வந்துடுவாங்க.”

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்று உயர்த்தினார். “நான் உள்ள இருந்தப்போ, எங்களைக் காப்பாத்தறேன்னு எவனாவது மேலேர்ந்து குண்டு போட்டிருந்தா, முதல்ல செத்திருக்கிறது நாங்கதான் சார். வார்டர் ஓடிடுவான். சாவி அவன் இடுப்புல போயிடும். மேலேர்ந்து போடறவனுக்கு நாங்க உள்ள இருக்கிறதே தெரியாது. பூட்டினவனுக்கு நாங்க மனுசங்கன்னே தெரியாது. ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டவன் யாரைப் பார்த்துக் கைதட்டுவான்?”

பிறகு என் பக்கம் திரும்பித் தணிந்த குரலில் சொன்னார். “அங்க ஆளறவனை மாதிரி ஆளுங்களுக்குச் சண்டைன்னா கொண்டாட்டம்மா. நேத்து வரைக்கும் ரொட்டி ஏன் கிடைக்கலைன்னு கேட்டவன், இன்னிக்கு எதிரியோட கையாள். கேள்வி கேட்டவன் எல்லாரையும் ஒரே மூச்சுல உள்ள தள்ளிடலாம். ‘நாட்டுக்கு ஆபத்து’ன்னு சொல்லித்தான் எங்களையும் தள்ளினாங்க. எங்களுக்காவது சண்டைன்னு ஒண்ணு இல்லை. இவங்களுக்கு அதுவும் வந்துடுச்சு.”

அந்த வாரமே நித்யாவின் பிறந்தநாள். அப்போது போன் வந்துகொண்டுதான் இருந்தது. ஹாஸ்டலின் கீழ்த்தளத்தில் எல்லோரும் படுத்திருக்கிறோம், பயமில்லை என்றாள். பெண் இல்லாவிட்டாலும் மனசு கேட்காமல் பாயசம் வைத்தேன். வழக்கம்போல இவர் வேண்டாம் என்றார். எனக்கிருந்த படபடப்பில் டம்ளரை டீப்பாய்மேல் டொக்கென்று வைத்தேன். “எம் பொண்ணுக்குப் பிறந்தநாள் சார். அவ அங்க குண்டுக்கு நடுவுல கிடக்கா. ஒரு வாய் குடிச்சா உங்களுக்கு என்ன குறைஞ்சு போயிடும்?”

அவர் தன் இடது கையை எடுத்து அந்த டம்ளருக்குப் பக்கத்தில் விரித்து வைத்தார்.

“எங்கம்மா என்னைப் பாக்க ஜெயில் வாசலுக்கு வந்தாங்கம்மா. உள்ள விடலை. ஒரு அதிகாரி வெளிய வந்து, ‘பையன் சௌக்கியமா இருக்கான், கவலைப்படாதீங்க’ன்னு சொன்னாராம். மரியாதையாத்தான் சொன்னாராம். அம்மா நம்பிட்டாங்க. வீட்டுக்குப் போய்ச் சேமியா பாயசம் வெச்சுத் தெரு முழுக்கக் குடுத்திருக்காங்க. அன்னிக்குக் காலையிலதான் எனக்கு இந்தக் கை போச்சு. லத்தி.”

நான் டம்ளரை அவர் கைக்குப் பக்கத்திலிருந்து நகர்த்தினேன்.

“வெளிய வந்ததும் அம்மா அதைச் சந்தோஷமாச் சொன்னாங்க. ‘நீ நல்லா இருக்கேன்னு கேட்டு அன்னிக்குப் பாயசம் வெச்சேன்டா’ன்னு. நான் கையைப் பின்னால வெச்சுக்கிட்டேன். அப்பல்லாம் ஷேர் ஆட்டோ ஏது? பஸ் கதவுல மாட்டிக்கிச்சுன்னு சொன்னேன். அந்தக் காலத்து டவுன் பஸ்ஸுக்கும் கதவு கிடையாது. அம்மா கடைசிவரைக்கும் கேக்கவே இல்லை.”

பாயசத்தை எடுத்துக்கொண்டுபோய் அடுக்களையில் வைத்தேன். அன்று எங்கள் வீட்டில் யாரும் அதைக் குடிக்கவில்லை.

அதற்கு அப்புறம் நித்யாவின் போன் நின்றுபோனது. அவளுடையது மட்டுமில்லை, அந்த நாட்டு போன் எல்லாமே. மெசேஜ் அனுப்பினால் ஒற்றை டிக்கோடு நிற்கும். சாப்பாடு இறங்கவில்லை. வேலைக்குப் போகவில்லை. எந்தச் சாமிக்கு என்ன வேண்டிக்கொண்டேன் என்று எனக்கே கணக்கில்லை. ஒருநாள் காலையில் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்த நாட்டு அரசாங்கத்தின் அறிக்கையை யாரோ தமிழில் போட்டிருந்தார்கள். “வெளிநாட்டு மாணவர்கள் அனைவரும் பாதுகாப்பான இடத்தில் உள்ளனர். பெற்றோர் அச்சப்பட வேண்டாம்.”

மற்ற பெற்றோர்கள் வரிசையாகக் கும்பிடு போட்டார்கள். நான் போடவில்லை. இத்தனை வருஷம் அவருக்குக் கீழ்வீட்டில் குடியிருந்தவள் இல்லையா நான்? போனைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். “சொல்லுங்க சார். எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க. நான் தாங்கிக்கறேன்” என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மடங்காத விரல்களை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார்.

“இதை நம்பலாம்மா. இது நிஜமாத்தான் இருக்கும். பொண்ணு சௌக்கியமா இருப்பா. கவலைப்படாதீங்க.”

இஸ்திரிக்காரரை நம்பாத மனுஷன், மோட்டாரை நம்பாத மனுஷன், அந்த நாட்டு அரசாங்கத்தை நம்பச் சொல்கிறார். அதுவும் எந்த வார்த்தையில்! என் பெண் போய்விட்டாள், இவருக்குத் தெரிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

“உங்கம்மாகிட்ட சொன்னதையே எங்கிட்டயும் சொல்றீங்களா சார்!” என்று கத்தினேன். மாடிப்படியெல்லாம் எதிரொலித்தது. எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அவருடைய முகம் வெளுத்துப்போனது. “வேற என்னம்மா சொல்லட்டும், நீங்களே சொல்லுங்க” என்றார். அழுதுகொண்டே இறங்கி வந்தேன். பின்னாலேயே அவரும் வந்தார். எங்கள் ஹாலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டிவியைப் போட யாருக்கும் துணிச்சல் இல்லை.

மறுநாள் மத்தியானம் ஒரு தெரியாத நம்பரிலிருந்து கூப்பிட்டார்கள். எனக்கு இந்த நம்பர்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். “லோனும் வேணாம், கார்டும் வேணாம், ஃபோனை வைடா!” என்று கத்திவிட்டு வைக்கப் போனேன்.

“அம்மா, நான்தாம்மா.”

அப்புறம் நான் என்ன பேசினேன் என்று எனக்குத் தெரியாது. நித்யா சொன்னதைத்தான் இங்கே எழுத முடியும். மாணவர்களையெல்லாம் பஸ்ஸில் ஏற்றி, சண்டை இல்லாத ஒரு சின்ன ஊருக்குக் கொண்டுபோய் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருக்கிறார்கள். ரொட்டி, முட்டை எல்லாம் கொடுத்திருக்கிறார்கள். நாடு முழுக்க போனை நிறுத்தியிருந்ததால் பேச முடியவில்லை. அன்று காலையில்தான் எல்லையைத் தாண்டி, வேறு நாட்டில் புது சிம் வாங்கியிருக்கிறாள். அறிக்கையில் இருந்தது எழுத்துக்கு எழுத்து உண்மை!

செருப்புகூடப் போடாமல் மேல்வீட்டுக்கு ஓடினேன். வீடியோவைப் போட்டு அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், அந்த மனுஷன் விசாரணையை ஆரம்பித்துவிட்டார்.

“கையைக் காட்டும்மா. ரெண்டு கையும். விரலை மடக்கு. ம், இப்ப விரி.”

“தாத்தா, நான் நல்லாத்தான் இருக்கேன். நீங்க கவலைப்படாதீங்க.”

“அதை மட்டும் சொல்லாதே! எழுந்து நட. நடந்து காட்டு.”

யாரோ ஒரு பெண் போனை வாங்கிப் பிடித்துக்கொள்ள, நித்யா ஏதோ ஒரு பஸ் நிலையத்தில் முன்னாலும் பின்னாலும் நடந்து காட்டினாள். அதற்கப்புறம்தான் அவருக்கு மூச்சு வந்தது. வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “எழுபது வயசு தாண்டியாச்சும்மா. முதல் தடவையா ஒரு சர்க்கார் என்கிட்ட உண்மை பேசியிருக்கு. நான் தோத்துட்டேன்! அப்பாடா, நல்லாத் தோத்துட்டேன்!”

“அப்ப நேத்து நீங்க சொன்னதும் உண்மைதானே சார்” என்றேன். கத்தியதற்கு ஒரு சமாதானமாக.

“அது உண்மையானது என் அதிர்ஷ்டம். நான் பொய்யாத்தான் சொன்னேன். அந்த அதிகாரியும் எங்கம்மா முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டுத்தான் சொல்லியிருப்பானோன்னு நேத்து முழுக்க யோசிச்சேம்மா. இல்லை. அவனுக்கு என் கை தெரியும். எனக்கு நித்யாவைப் பத்தித் தெரியாது. அந்த ஒரு வித்தியாசம் இருக்கு.”

பிறகு போனுக்குப் பக்கத்தில் குனிந்து, “ஏம்மா, அந்த ஊர் ஜெயில் என்னாச்சு?” என்று கேட்டார்.

“ஜெயில் பக்கம் குண்டு விழுந்துச்சுன்னு பஸ்ல பேசிக்கிட்டாங்க தாத்தா. ஆனா கைதிங்க எல்லாரும் பத்திரமா இருக்காங்கன்னு ரேடியோவில சொன்னாங்களாம்.”

“சரிம்மா” என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

நித்யாவை மீனம்பாக்கம் ஏர்போர்ட்டிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, முதல் வேலையாக அடுப்பில் பாலை வைத்தேன். சேமியாவை நெய்யில் வறுத்து, முந்திரியை அள்ளிப்போட்டு, மேல்வீட்டுக்கு நானே எடுத்துப் போனேன். வேண்டாம் என்று சொல்ல அவர் கையைத் தூக்கும் முன்னால் முந்திக்கொண்டேன்.

“இது வேற பாயசம் சார். கண்ணால பாத்துட்டு வெச்சது. கீழ உக்காந்து இட்லி சாப்பிட்டுக்கிட்டிருக்கா. சந்தேகம்னா வந்து பாத்துக்கங்க.”

நிஜமாகவே இறங்கி வந்து பார்த்தார். நித்யா வாயில் இட்லியோடு இரண்டு கையையும் தூக்கி விரலை மடக்கி விரித்துக் காட்டினாள். ஹால் முழுக்கச் சிரிப்பு. அவர் அவளுக்கு எதிரில் உட்கார்ந்து டம்ளரை வாங்கிக்கொண்டார். வாய்வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினார்.

“ரேடியோவைக் கேட்டுட்டு அங்கேயும் ஒரு அம்மா பாயசம் வெச்சிருப்பாம்மா” என்றார்.

அந்த ஊரில் பாயசம் உண்டா என்று எனக்குத் தெரியாது. அங்கே என்ன உண்டோ அதை வைத்திருப்பாள். அவளுக்காகவும் நான் வேண்டிக்கொண்டேன், அதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் பேச்சை மாற்றப் பார்த்தார். “பாத்து சார், இவ சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருப்பா. வயசான காலத்துல உடம்புக்கு ஏதாவது ஆயிடப்போகுது.”

“ஒரு டம்ளர்ல என்ன ஆயிடும்? ஒண்ணும் ஆகாது சார், பயப்படாம குடிங்க” என்றேன்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்தார். நித்யா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

“அப்ப ஏதோ ஆகப்போகுதுன்னு அர்த்தம்” என்று சிரித்துவிட்டு, அடியில் ஒரு சேமியாகூட மிஞ்சாமல் குடித்து முடித்தார். பிறகு அந்த இடது கையாலேயே டம்ளரை என் பக்கம் நீட்டி, “இன்னும் கொஞ்சம் ஊத்துங்கம்மா” என்றார்.